கோரிக்கை மனு: கல்விக்கடனும் தொகுப்பூதியமும்

அனுப்புநர்: செயலாளர், தொகுப்பூதியச் சமூகப் பணியாளர்கள் சங்கம்.
பெறுநர்: துறை இயக்குநர் அவர்கள், சென்னை.

பொருள்: எம்.எஸ்.டபிள்யூ. படிப்புக்கு வாங்கிய கல்விக்கடனை அடைக்க இயலாத தொகுப்பூதியம் – நிரந்தரப் பணியிடத்துக்குரிய குறைந்தபட்ச ஊதியம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: இதே பொருளில் சங்கம் முன்னர் அளித்த மனுக்கள்.

ஐயா,

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் பணிபுரியும் சமூகப் பணியாளர்கள் சார்பில் இம்மனு.

1. முந்தைய மனுக்களுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலே வந்தது. ஆகவே அவற்றில் எழுதியதை மீண்டும் எழுதுகிறோம். எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாண்டுப் படிப்பு. சுயநிதிப் பிரிவுக் கட்டணம், விடுதி, களப்பணி நாட்களின் பேருந்துச் செலவு, கிராம முகாம் என்று 3 லட்சம் ரூபாய் வரை கடன் வாங்கியவர்கள் எங்களில் உண்டு. படிப்பு முடிந்த ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். 10 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்குக் கணக்கிட்டால் மாதம் ஏறத்தாழ 3,220 ரூபாய். கட்டி முடிக்கும்போது 5.8 லட்சம். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. நாங்கள் பணிபுரியும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் சமூகப் பணியாளருக்குத் தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய். கல்விக்கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டென்கிறார்கள். வரி கட்டுமளவு வருமானமே இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்?

இந்தச் சம்பளத்துக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று எங்கள் வீடுகளிலேயே கேட்கிறார்கள். படிப்பு வேண்டும், ஐயா. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 8(3)(உ) நன்னடத்தை அலுவலர் இல்லாத இடத்தில் சமூகப் பணியாளரே சமூக விசாரணை நடத்தி, குற்றம் சாட்டப்பட்ட சிறுவன் இளைஞர் நீதி வாரியத்தின் முன் முதலில் நிறுத்தப்பட்டதிலிருந்து 15 நாளுக்குள் அறிக்கை தரலாம் என்கிறது. அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தாயிடம் பேசி, பள்ளியை ஏன் விட்டான் என்று ஆசிரியரிடம் விசாரித்து, 6-ஆம் படிவத்தை நிரப்புகிறோம். நன்னடத்தை அலுவலர் எழுதினாலும் அதே படிவம், அதே 15 நாள். சம்பளம் மட்டும் வேறு.

பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் 26.10.2016 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு, அப்பணியிடத்துக்குரிய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தைத் தர வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. ஒப்பந்தப் பணியாளரும் அதில் அடக்கம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத்தானே சேர்ந்தீர்கள் என்று எங்களிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. குறைந்த கூலிக்கு உழைப்பவர் யாரும் விரும்பிச் செய்வதில்லை, குடும்பத்தின் சோற்றுக்காகத் தன்மானத்தை விட்டுச் செய்கிறார் என்று அத்தீர்ப்பே இதற்கு விடை சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் 2006-ஆம் ஆண்டு உமாதேவி தீர்ப்பைக் காட்டியும் மறுக்க வேண்டாம். அது பணி நிரந்தரம் பற்றியது. இங்கு நாங்கள் கேட்பது ஊதியம்.

எனவே, சமூக விசாரணை அறிக்கை எழுதும் தொகுப்பூதியப் பணியாளர் அனைவருக்கும் நன்னடத்தை அலுவலர் ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தை வழங்க அரசுக்குக் கருத்துரு அனுப்ப வேண்டுகிறோம்.

2. ஊதியம் மாதந்தோறும் 5-ஆம் தேதிக்குள் வரவு வைக்கப்பட வேண்டும். தவணைத் தேதி ஊதியத்துக்காகக் காத்திருப்பதில்லை.

3. களஆய்வுப் பயணப்படி உண்மைச் செலவின்படி வழங்கப்பட வேண்டும்.

4. புகைப்பட அடையாள அட்டை வழங்கப்பட வேண்டும்.

முதல் கோரிக்கையை ஏற்க இயலாதெனில், ஜக்ஜித் சிங் தீர்ப்பு எங்களுக்கு ஏன் பொருந்தாது என்பதைக் காரணத்துடன் எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்