மூன்றாவது எட்டு மணி யாருடையது?

எட்டு மணி நேரம் உழைப்பு. எட்டு மணி நேரம் உறக்கம். எஞ்சிய எட்டு மணி நேரம் மனிதன் மனிதனாக வாழ்வதற்கு! 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் ஓவன் சொன்ன கணக்கு இது. கணக்கு எளிது. அதைக் கைக்கொள்ளத் தொழிலாளர் கொடுத்த விலைதான் பெரிது.

கண்டமங்கலம் வட்டாரத்துத் தோழர்களுக்கு அந்த விலை தெரியும். பஸ் ஏறினால் பக்கத்திலே புதுச்சேரி. அங்கே 1936 ஜூலை 30ஆம் நாள், உரிமை கேட்டு நின்ற பஞ்சாலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி பாய்ந்தது. 12 தொழிலாளர் மாண்டனர். தோழர் வ. சுப்பையா முன்நின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பயனாக, 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அதற்கும் முன்னர், 1923 மே முதல் நாளில், சென்னைக் கடற்கரையிலே இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார் சிங்காரவேலர். நாம் இன்று சாதாரணமாகப் பேசும் 'எட்டு மணி நேரம்' என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

இன்று நாம் பேச வந்தது ஆலைத் தொழிலாளியைப் பற்றியல்ல. கையில் கரி படியாத, தோளில் மூட்டை சுமக்காத, ஆனாலும் முதுகெலும்பு தேய உழைக்கிற இன்னொரு தொழிலாளியைப் பற்றி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறானே, அந்தப் பிள்ளையைப் பற்றி! 'அவனுக்கென்ன, குளிர்ந்த அறை, கொழுத்த சம்பளம்' என்று ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள் தோழர்களே. கொஞ்சம் கேளுங்கள்.

கண்டமங்கலத்திலும் வளவனூரிலும் சின்னபாபுசமுத்திரத்திலும், நெல்லும் கரும்பும் விளைகிற ஊர்களிலே பிறந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் சென்னையிலும் புதுவையிலும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டபோது, அந்தத் தொழில் நம் மாவட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அப்படி ஒரு பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கும் வேலை மாலையில் முடியவேண்டும், முடியாது. அமெரிக்காவில் பொழுது விடிகிற நேரம்தான் இங்கே அவனுக்கு 'மீட்டிங்' நேரம். ஒன்பது மணிக்கு வீடு. சோறு ஆறிக் கிடக்கிறது. குழந்தை தூங்கிவிட்டது. மனைவி சொல்ல நினைத்த நான்கு வார்த்தை நாளைக்குத் தள்ளிப் போகிறது. பத்தரை மணிக்கு மறுபடியும் கம்ப்யூட்டரைத் திறக்கிறான். இம்முறை கம்பெனிக்காக அல்ல, ஊருக்காக! அவன் செய்கிற அந்த ஊர்வேலைக்குத்தான் கட்டற்ற மென்பொருள் என்று பெயர்.

அது என்ன கட்டற்ற மென்பொருள்? கம்ப்யூட்டருக்கு இடுகிற கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். முதலாளி விற்கும் மென்பொருள், மூடி போட்டுப் பூட்டிய எந்திரம். பழுதானால் அவனிடமே போகவேண்டும், கேட்டதைக் கொடுக்கவேண்டும். கட்டற்ற மென்பொருளோ மூடி திறந்த எந்திரம். யாரும் பார்க்கலாம், பழகலாம், திருத்தலாம், படி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1989இல் அதற்கொரு பொது உரிமம் வகுத்தார். பொதுவிலிருந்து எடுத்ததைத் திருத்தி வெளியிட்டால், திருத்தியதையும் பொதுவிலேயே வை என்பது அதன் சாரம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சைத் தொடங்கினார். உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ்தான்!

தமிழுக்கும் இந்தத் தொண்டு செய்தவர்கள் உண்டு. அதிராம்பட்டினத்து உமர்தம்பி 'தேனீ' என்ற எழுத்துருவை ஆக்கி, விலை வைக்காமல் கொடுத்துவிட்டு, 2006இல் மறைந்தார். 'தமிழா' என்ற குழு, கம்ப்யூட்டரில் தமிழ் எழுத ஒரு மென்பொருளைத் தந்து, அதற்கு 'எ-கலப்பை' என்று பெயரிட்டது. உழவனின் கருவிப் பெயரையே எழுதுகிறவனின் கருவிக்கும் வைத்தார்களே, அந்த உள்ளத்தைப் பாருங்கள்! நம் விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. வேலைக்குப் போகிற இளைஞர்கள் தங்கள் ஓய்வு நேரத்தை எடுத்து, கிராமத்து மாணவர்களுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுக்கிறார்கள்.

போற்றத்தக்க தொண்டு. போற்றுகிறோம். ஆனால் போற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடலாமா?

ஏரிப் பாசனம் உள்ள ஊரிலே நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. மதகைத் திறப்பார், மூடுவார். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று இருட்டிலே வரப்பில் நடப்பார். ஏரி ஊர்ப்பொது. தண்ணீர் ஊர்ப்பொது. ஆனால் நீர்க்கட்டிக்கும் ஒரு வயிறு உண்டு என்பது ஊருக்குத் தெரியும். ஆகவேதான் அறுவடைக் களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள். கரை பலவீனமானால் குடிமராமத்து என்று ஊரே மண்வெட்டியோடு வந்தது. பொதுச்சொத்து என்றால் பொதுப்பொறுப்பு என்பது நம் பாட்டன் அறிந்த நியாயம்.

இன்றைய கணினி உலகம் என்ன செய்கிறது? கோடி கோடியாக அறுவடை செய்கிறது. நீர்க்கட்டிக்கு நெல் அளக்க வேண்டிய மரக்காலிலே நன்றி அளக்கிறது!

மிகைப்படுத்துகிறோமா? இல்லை. இணையத்தில் போகிற பணத்தையும் இரகசியத்தையும் காக்கிற பூட்டுகளில் ஒன்று ஓப்பன் எஸ்.எஸ்.எல். 2014 ஏப்ரலில் அதில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. உலகமே பதறியது. அப்போதுதான் கணக்கும் வெளிப்பட்டது. பெரும் பெரும் கம்பெனிகள் நம்பியிருந்த அந்தப் பூட்டுக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை சுமார் 2000 டாலர். முழுநேரமும் அதற்கென்று உழைத்தவர் ஒரே ஒருவர்!

இன்னொன்று கேளுங்கள். கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் 'எக்ஸ்.இசட்.' என்ற மென்பொருளைப் பின்லாந்தின் லாசே காலின் பல ஆண்டுகளாகச் சம்பளமின்றிக் காத்து வந்தார். 'ஏன் தாமதம், ஏன் மெத்தனம்' என்று அவரை நெருக்கினார்கள். தம் மனநலம் சரியில்லை, இது கூலியில்லாத வேலை என்பதை நினைவில் வையுங்கள் என்ற பொருளில் 2022இல் அவர் பதில் எழுதினார். அந்தச் சோர்வின் சந்திலேதான் திருடன் நுழைந்தான். ஜியா டான் என்ற பெயரில் 'உதவி'க்கு வந்தவர், நம்பிக்கையைப் பெற்றார், பொறுப்பையும் பெற்றார், 2024 தொடக்கத்தில் அதற்குள்ளே ஒரு கள்ளவாசலையும் வைத்தார். மைக்ரோசாப்டில் பணியாற்றிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், எந்திரத்துக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்ததால், மார்ச் 29ஆம் நாள் குட்டு வெளிப்பட்டது. அரை விநாடியில் உலகம் தப்பியது!

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? களைத்துப் போன காவல்காரன் ஒருவனுடைய துன்பம் அவனோடு முடிவதில்லை; ஊர் முழுவதற்கும் ஆபத்தாகிறது. கட்டற்ற மென்பொருள் செய்பவனின் ஓய்வைப் பற்றி நாம் பேசுவது இரக்கத்தால் அல்ல. நம் சொந்தப் பாதுகாப்பைக் கருதியும்தான்.

'அவனை யார் செய்யச் சொன்னது? ஆசைக்குச் செய்கிறான்' என்பார்கள் சிலர். ஆம், ஆசைக்குத்தான் செய்கிறான். கம்பெனியில் அவன் ஒரு பெரிய எந்திரத்தின் சிறு பல். இரவில்தான் முழுக் கலைஞன். தன் மொழிக்கு, தன் ஊருக்கு, முகம் தெரியாத மனிதனுக்கு ஒன்றைச் செய்து கொடுக்கும் இன்பத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆசைக்குச் செய்த உழைப்பை எடுத்து இலாபத்துக்கு விற்கிறவன், 'ஆசை உன்னுடையது, இலாபம் என்னுடையது' என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

கம்பெனிகளின் இரட்டை நாக்கைப் பாருங்கள். 2022இல் விப்ரோ நிறுவனம், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்தார்கள் என்று சொல்லி 300 பேரை வெளியேற்றியது. அடுத்த ஆண்டு, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்போசிஸ் நாராயணமூர்த்தி. 2025 ஜனவரியில் எல் அண்டு டி நிறுவனத் தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரம் வரைக்கும் போனார்! இரவெல்லாம் கம்பெனிக்கு உழைத்தால் அது நாட்டுத் தொண்டு. அதே இரவில் தனக்கென்று ஒன்றைச் செய்தால் அது துரோகமா? இருவருக்கும் ஒரே வேலையை இரண்டு சம்பளத்துக்கு விற்பது வேறு. தன் ஓய்வு நேரத்தில் ஊருக்கு ஒன்றைச் செய்து கொடுப்பது வேறு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டப் பார்க்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாகச் செய்ததற்குத்தான், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், முதலாளி முதல் உரிமையாளர். வேலைக்கு வெளியே ஆக்கியது ஆக்கியவனுடையது. ஆனால் வேலைக்குச் சேரும் நாளில் கையில் கொடுக்கிறார்களே ஒரு கட்டுக் காகிதம், அதிலே சில இடங்களில் ஒளிந்திருக்கிறது ஒரு வரி: 'இங்கு பணியாற்றும் காலத்தில் நீ ஆக்குவதெல்லாம் எங்களுக்கே.' ஆக்குவதெல்லாம் என்றால்? இரவில் ஆக்கியதும்! ஞாயிற்றுக்கிழமை ஆக்கியதும்! சட்டம் கொடுத்த உரிமையை ஒரு கையெழுத்திலே பறித்துக்கொள்கிறார்கள். முதல் வேலை கிடைத்த மகிழ்ச்சியில், படிக்காமலே கையெழுத்துப் போடுகிறான் பிள்ளை.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதைக் கேட்காமல் போனால் நாம் நியாயவான்கள் அல்ல. ஆண்பிள்ளை இரவு பத்தரைக்குப் பொதுத்தொண்டு செய்ய உட்காருகிறான் என்றால், பாத்திரம் துலக்குவது யார்? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விழித்திருப்பது யார்? அதே தொழிலில், அதே படிப்போடு இருக்கிற பெண்ணுக்கு அந்த மூன்றாவது எட்டு மணி எங்கே இருக்கிறது? அடுப்படியில் கரைகிறது! ஒருவனுடைய ஊர்த்தொண்டு, இன்னொருத்தியின் கூலியில்லா உழைப்பின் மேலே கட்டப்படுமானால் அது பாதித் தொண்டுதான். கட்டற்ற மென்பொருள் செய்கிற தம்பிகள், கட்டற்ற வீடு ஒன்றையும் செய்ய வேண்டும். வீட்டு வேலையில் சரிபாதி எடுத்துக்கொள்ளட்டும்; அப்போது அந்த வீட்டிலிருந்து ஒருவருக்குப் பதில் இருவர் எழுந்து வருவார்கள்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, கம்ப்யூட்டர்த் தொழிலிலும் எட்டு மணி என்றால் எட்டு மணிதான். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் எழுந்து நின்றன. அது திரும்பப் பெறப்பட்டது. எழுந்து நிற்கத் தெரிந்தவனுக்கே நேரம் சொந்தம். ஐ.டி. ஊழியரும் சங்கம் அமைக்கலாம் என்று 2016இலேயே தமிழக அரசு தெளிவாக்கிவிட்டது. சங்கமே இல்லாதவன் 'எனக்கு நேரமில்லை' என்று புலம்பிப் பயனில்லை.

இரண்டாவது, ஓய்வு நேரத்தில் ஆக்கியதைக் கம்பெனி விழுங்குகிற வரி, ஒப்பந்தத்திலிருந்து நீங்க வேண்டும். தனி ஆள் கேட்டால் 'வேறு வேலை பார்' என்பான். சங்கமாகக் கேட்டால் காகிதத்தைத் திருத்துவான்.

மூன்றாவது, பயன்படுத்துகிறவர்கள் பராமரிப்புக்குக் கொடுக்க வேண்டும். ஜெர்மன் அரசு 2022இல் இதற்கென்றே ஒரு நிதியம் அமைத்தது. தமிழ் எழுதவும் படிக்கவும் உதவுகிற பொது மென்பொருள்களுக்கு நம் அரசும் கம்பெனிகளும் களத்து நெல்லைப் போல ஒரு பங்கு அளக்கட்டும். இது பிச்சை அல்ல, பரிசும் அல்ல, நீர்க்கட்டியின் கூலி.

நான்காவது, அந்தத் தம்பிகளிடமே ஒரு வேண்டுகோள். ஒற்றை ஆளாக மதகைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். செய்ததை எழுதி வையுங்கள். இரண்டு பேரைப் பழக்குங்கள். 'இந்த மாதம் என்னால் முடியாது' என்று சொல்வதற்குக் கூசாதீர்கள். தியாகம் என்று நினைத்து உடலைக் கெடுத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு ஏரியைக் காக்க ஆள் இருக்காது. வாரம் ஒரு மாலை கூடிச் செய்யும் குழு, தினமும் நள்ளிரவில் தனியே எரிகிற விளக்கைவிட நெடுநாள் எரியும்.

ஆலைத் தோழர்களே! இந்தப் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகள். நீங்கள் ஆலை வாசலில் நின்று பெற்றுக் கொடுத்த எட்டு மணி நேரத்தை, குளிர்ந்த அறைக்குள் அவர்கள் சத்தமில்லாமல் இழந்துகொண்டிருக்கிறார்கள். சங்கம் வைப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் ஓட்டுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சங்க அலுவலகத்துக்கு அழையுங்கள். உறுப்பினர் கணக்கைக் கட்டற்ற மென்பொருளில் எழுத அவர்கள் கற்றுத் தரட்டும். ஒப்பந்தக் காகிதத்தை வரிக்கு வரி படிக்க நீங்கள் கற்றுத் தாருங்கள்.

முதல் எட்டு மணிக்குக் கூலி கேட்டோம். இரண்டாவது எட்டு மணிக்கு உறக்கம் கேட்டோம். மூன்றாவது எட்டு மணி நம்முடையது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் நம்முடையதே!