நாணம் நோய் தீர்க்குமா?

சென்னையில் வண்டியேறித் தில்லிக்கு வரும் நாம் எல்லோரும் ஒரு காட்சியைக் கண்டிருப்போம். தில்லி நெருங்க நெருங்க, தண்டவாளத்தை ஒட்டிய சுவர்களில் 'மறைநோய்'களுக்கு மருந்து என்று இந்தியில் பெரிதாக எழுதியிருக்கும். இந்தி அறிந்தவர் சிரித்துக்கொண்டே பொருள் சொல்வார், நாமும் சிரிப்போம். நம் ஊர் மட்டும் என்ன வாழ்ந்தது? சிட்டுக்குருவி லேகியமும், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியரைக் காணலாம் என்னும் விளம்பரமும் நாம் அறியாதவையா? ஆனால் அந்தச் சுவரை நம்பிப் போகிறவன் யார் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

எண்ணிப் பார்க்கும் நிலை எனக்கு வந்தது. விடுதியில் என் பக்கத்து அறையில் ஆராய்ச்சி மாணவரான அண்ணன் ஒருவர் இருக்கிறார். வயது முப்பத்திரண்டு. மனைவி மதுரையில் வேலை பார்க்கிறார். சென்ற தீபாவளிக்கு அண்ணன் ஊருக்குப் போகவில்லை. பொங்கலுக்கு எடுத்த பயணச் சீட்டையும் ரத்து செய்தார். கேட்டால், "சோதனைக்கூடத்தில் வேலை" என்பார்.

ஒரு நாள் இரவு என் அறைக்கு வந்து ஒரு பொடிப் பொட்டலத்தை நீட்டினார். "தம்பி, நீ உயிர்வேதியியல் படிக்கிறவன். இதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வாயா?" பொட்டலத்தின் மேல் பெயரும் இல்லை, சேர்மானமும் இல்லை. எட்டு மாதமாகச் சாப்பிட்டு வந்தாராம். இரண்டு மாத உதவித்தொகை அதில் கரைந்திருந்தது.

"டாக்டரிடம் போயிருக்கலாமே, அண்ணா?" என்றேன்.

"என்னவென்று சொல்வது? இந்தியில் சொல்லத் தெரியாது. ஆங்கிலத்தில் சொல்ல வாய் வரவில்லை. தமிழில் சொன்னாலோ எனக்கே என்மேல் வெறுப்பு வருகிறது" என்றார்.

அந்தக் கடைசிச் சொற்கள் அன்று என்னை உறங்க விடவில்லை. தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? 'ஆண்மைக்குறைவு'! ஆண்மை என்பது நம் மொழியில் வீரத்தைக் குறிக்கும், ஆளுந்திறனைக் குறிக்கும். ஓர் இரத்தக் குழாய் சரியாக விரியவில்லை என்பதற்காக ஒருவனுடைய வீரமும் திறனும் குறைந்துவிட்டன என்று பட்டம் கட்டுவதா? கண் மங்கியவனை அறிவு மங்கியவன் என்போமா? ஆங்கிலத்திலும் 'வலிமையின்மை' என்னும் பொருள்படும் சொல்தான் முன்பு வழங்கியது. 1992-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் மாநாடு அதை விட்டுவிட்டு, நடப்பதை நடக்கிறபடியே குறிக்கும் சொல்லை ஆளுமாறு பரிந்துரைத்தது. நாமும் 'விறைப்புக் குறைபாடு' என்போமே. பழி சுமத்தாத பெயர் இருந்தால் வாய் திறக்கும்.

உண்மையில் நடப்பது என்ன? நரம்பின் தூண்டுதலால் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு சுரக்கிறது. குழாய்ச் சுவரின் தசை தளர்கிறது. இரத்தம் பாய்ந்து நிறைகிறது. இரத்த ஓட்டத்தில் இவ்வாயு தூது செல்வதைக் கண்டறிந்த பர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆணுறுப்பின் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. இதயத் தமனியோ 3 முதல் 4 மில்லிமீட்டர். குழாய்கள் கெடத் தொடங்கினால் குறுகியதில்தான் முதலில் தெரியும். மார்புவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இக்குறை தோன்றுவது உண்டு. இதயத்துக்காக ஊதும் அபாயச் சங்கு இது. சங்கு ஊதும்போது வெட்கப்பட்டுக் காதைப் பொத்திக்கொள்வது அறிவுடைமையா?

அப்படியானால் டாக்டரிடம் எப்போது போவது? களைப்பிலோ, குடித்தபோதோ, கவலையிலோ, புதுமணப் பதற்றத்திலோ ஓரிரு முறை தவறுவது நோயன்று. மூன்று மாதமாகியும் பெரும்பாலும் அவ்வாறே இருந்தால் போக வேண்டும். விடியற்காலையில் இயல்பாக வரும் விறைப்பும் குறைந்துவிட்டால் உடலில் காரணம் இருக்கலாம். அது குறையாமல் துணையிடம் மட்டும் தவறினால் மனக்கவலை காரணமாக இருக்கலாம். அதற்கும் மருத்துவம் உண்டு. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும், புதிய மருந்து ஒன்றைத் தொடங்கியபின் மாற்றம் கண்டவர்களும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டா. ஆனால் அம்மருந்தைத் தாமாகவும் நிறுத்த வேண்டா. மார்புவலி இருந்தால் அன்றே போக வேண்டும். விறைப்பு நான்கு மணி நேரம் அடங்காவிட்டாலும் அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

கடையில் சில்டெனாபில் மாத்திரை வாங்கித் தாமே விழுங்குவோரும் உண்டு. நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும். டாக்டர் எழுதித் தந்தாலன்றி அதைத் தொடக் கூடாது.

சுவர் விளம்பரங்களைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் 1954-இலேயே வந்துவிட்டது. எழுபது ஆண்டு கடந்தும் சுவர் பேசுகிறது. நாம் பேசாதிருப்பதால்தான் அது பேசுகிறது.

மாணவர் இதழில் இதை எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மருந்துக்கு ஓர் அதிகாரமும் காமத்துக்கு ஒரு பாலும் வகுத்த வள்ளுவர் நூலைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் சங்கம் இது. நமக்கு இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது?

அண்ணனோடு பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நானும் போனேன். வாயால் சொல்ல இயலாததை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். டாக்டர் சிரிக்கவில்லை, படித்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். வெறும் வயிற்றில் சர்க்கரை 212! எட்டு மாதம் பொடி தின்ற காலமெல்லாம் சர்க்கரை நோய் மருத்துவமின்றி வளர்ந்திருக்கிறது. அன்றிரவே அண்ணன் மனைவிக்குத் தொலைபேசியில் எல்லாம் சொன்னார். "இதற்காகவா வரவில்லை? என்னைப் பிடிக்காமல் போய்விட்டதென்றல்லவா நினைத்திருந்தேன்!" என்று அண்ணி அழுதாராம். அண்ணன் சொல்லித்தான், பெயரில்லாமல் இதை எழுதுகிறேன்.

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு வரவேற்பு நடத்துகிறோம். அவ்விழாவில் தமிழறிந்த டாக்டர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் செய்வோம். எந்த நோய்க்கு எங்கே போவது, எப்படிச் சொல்வது என்று அவர் சொல்லட்டும். ஊரைவிட்டு வந்தவனுக்கு ஊர்ப்பாசத்தோடு அதையும் கொடுப்பது சங்கத்தின் கடமை அன்றோ?