கேள்வி கிடைத்தால் தலைப்பு கிடைக்கும்



கல்லூரிகளில் ப்ராஜெக்ட் வேலைகள் தொடங்கும் பருவம் இது. உளவியல் படிக்கும் பிள்ளைகள் யாரைப் பார்த்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: “என்ன தலைப்பு எடுக்கலாம்?” கையில் ஒரு பட்டியலும் வைத்திருப்பார்கள். மாணவர்களிடையே மன அழுத்தம், சமூக ஊடகங்களின் தாக்கம், வேலைக்குப் போகும் பெண்களின் மனநலம். சீனியர்கள் எடுத்தவை, அவர்களுடைய சீனியர்களும் எடுத்தவை. எல்லாமே முக்கியமான விஷயங்கள்தாம். ஆனால் எதிலும் இன்னும் கேள்வி பிறக்கவில்லை.

நம் நாட்டிலிருந்தே ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1934 ஜனவரி 15 அன்று பிகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதிர்ச்சியை நன்றாக உணர்ந்தும் சேதம் எதையும் காணாத ஊர்கள் பல இருந்தன. அங்கே உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் திரட்டினார். கிரகணத்தன்று இன்னொரு பூகம்பம் வரும், வெள்ளம் வரும், பிரளயம் வரும் என்றெல்லாம் மக்கள் பேசிக்கொண்டார்கள். 1935இல் அவருடைய கட்டுரை வெளியானது.

இருபது ஆண்டுகள் போல் கழித்து, அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரை அந்தக் கட்டுரை யோசிக்க வைத்தது. பயந்து போயிருப்பவர்கள் ஆறுதலான செய்தியைத்தானே நம்ப வேண்டும்? இவர்கள் ஏன் மேலும் பயமுறுத்தும் செய்தியை நம்பினார்கள்? அவர் கண்ட விடை இது: நிலம் ஆடியதும் பயம் வந்துவிட்டது, சுற்றிப் பார்த்தால் பயப்பட எதுவும் இல்லை. வந்த பயத்துக்கு ஒரு காரணத்தை வதந்திதான் கொடுத்தது. டார்ஜிலிங் நிலச்சரிவைப் பற்றித் துர்கானந்த் சின்ஹா 1952இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நின்றது. அழிவைக் கண்ணெதிரே பார்த்த அந்த மக்களிடம் இப்படி ஊதிப் பெருக்கிய வதந்திகள் பரவவில்லை. 1957இல் ஃபெஸ்டிங்கர் நூலாக எழுதிய ‘அறிதல் முரண்பாடு’ கோட்பாட்டை இன்று எல்லா உளவியல் மாணவர்களும் படிக்கிறார்கள். அதற்கு வித்திட்டவற்றில் ஒன்று பிகார் வதந்திகள்.

‘பேரிடரும் மனநலமும்’ என்று தலைப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இது கிடைத்திருக்குமா? இப்படித்தான் நடக்கும் என்று நாம் நினைப்பதற்கு மாறாக ஏதாவது நடந்தால், அங்கே நின்று பாருங்கள். தலைப்பு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி கிடைத்த பிறகு அதை உங்கள் கைக்கு அடங்கும் அளவுக்குக் குறுக்க வேண்டும். ‘கைபேசியால் மாணவர் மனநலம் கெடுகிறதா?’ என்பதற்கு ஒரு செமஸ்டரில் யாராலும் விடை சொல்ல முடியாது. ‘விடுதியில் தங்கியிருக்கும் முதலாண்டு மாணவிகள், வீட்டாரோடு போனில் பேசிவிட்டுப் படுக்கும் இரவில் சீக்கிரம் தூங்குகிறார்களா, ரீல்ஸ் பார்த்துவிட்டுப் படுக்கும் இரவிலா?’ என்று கேட்டால் யாரிடம், எதை, எப்படி அளப்பது என்பது உடனே தெரிந்துவிடும். அப்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மறுநாள் தேர்வு என்ற கவலையிலேயே ஒருத்தி வீட்டுக்குப் போன் செய்திருக்கலாம். இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது.

தற்கொலை எண்ணம், வன்முறை போன்றவற்றைத் தொட நினைப்பவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கேள்வித்தாளை நிரப்புகிறவர் நடுவில் உடைந்து அழுதால் என்ன செய்வீர்கள்? பயிற்சி பெற்ற வழிகாட்டியும் அறநெறிக் குழுவின் அனுமதியும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். பங்கேற்பவரின் முழுச் சம்மதம் எந்தத் தலைப்புக்கும் வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

“புதிதாக எதுவும் தோன்றவில்லையே” என்பவர்கள், பழைய ஆய்வு ஒன்றை எடுத்துத் திரும்பச் செய்து பாருங்கள். காத்திருந்தால் இரண்டு மிட்டாய் என்று குழந்தைகளிடம் சொல்லி, வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய மார்ஷ்மெல்லோ சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்று பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். 2018இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும் இன்னும் சுருங்கியது. உளவியலில் வெளியான 100 ஆய்வுகளை மறுபடி செய்து, 2015இல் ஒரு பெரிய குழு முடிவுகளை வெளியிட்டது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவைதான் தேறின. ஆகவே நீங்கள் எதிர்பார்த்த விடை வராமல் போனால் ப்ராஜெக்ட் வீணாயிற்று என்று கலங்க வேண்டாம். ஒழுங்காகச் செய்த ஆய்வில் ‘தொடர்பு இல்லை’ என்பதும் விடைதான். வைவாவில் அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

மாணவ வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களுக்கு எழுதும்போது தலைப்பை எழுதாதீர்கள். உங்களைக் குடையும் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். நீங்கள் எதை எதிர்பார்த்தீர்கள், எதைக் கண்டு வியந்தீர்கள் என்று அதன் கீழே இரண்டு வரி சேருங்கள். தேர்ந்தெடுத்தவற்றை வரும் இதழ்களில் பேராசிரியர்களோடு சேர்ந்து அலசுவோம். பெற்றோர்களும் ஆசிரியர்களும்கூட எழுதலாம். பிள்ளைகளிடம் நாம் காணும் வியப்புகளுக்கும் குறைவில்லையே!

அன்புடன்,
ஆசிரியர்