மக்கள் எப்போது அறிவாளிகள், எப்போது மூடர்கள்?

மலையில் இருப்பவை சொற்ப ஓட்டுகள், அவற்றை ஆட்சிக்கு வரப்போகும் கட்சிக்கே போட்டுவிட வேண்டும். காடா காட்டேஜா என்கிற கேள்விகளை நிபுணர்களிடம் விட்டுவிட வேண்டும். வென்று வந்தவர்மீது வழக்கைக் கிளறுவது மக்கள் தீர்ப்பை அவமதிப்பது. கொடைக்கானல் வாக்காளருக்கு அன்பர் ஒருவர் அருளிய உபதேசத்தின் சாரம் இவ்வளவுதான். மூன்றாவதை நிறுவ அவருக்கு அறிவுள்ள மக்கள் வேண்டும், இரண்டாவதை நிறுவ அறிவற்ற மக்கள் வேண்டும். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பது அவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?

முதல் வாதத்தை நீண்ட நேரம் அடிக்கத் தேவையில்லை. கொடைக்கானலும் அடங்கிய எங்கள் பழனி தொகுதி 2016இல் திமுகவின் ஐ.பி.செந்தில்குமாரைத் தேர்ந்தெடுத்தபோது கோட்டையில் அதிமுக இருந்தது. 2021இல் அவரையே மறுபடி அனுப்பியபோது ஆட்சியும் அவர் கட்சியுடையதாயிற்று. அன்பரின் கணக்குப்படி, முதல் ஐந்தாண்டு வறண்டு அடுத்த ஐந்தாண்டில் மலை கொழித்திருக்க வேண்டும். தேர்தல் சாமான்களைக் குதிரை முதுகில் ஏற்றி அனுப்பும் ஊர் என்றே பேரெடுத்த வெள்ளகவியில் போய் இந்தக் கணக்கை அவர் சொல்லிப் பார்க்கட்டும். 2001இல் மூடிய கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தைச் சுவாசித்த தொழிலாளர்களில் 591 பேருக்கு 2016இல் உடன்பாடு கிடைத்ததே, அது ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போட்ட கூலியா? 2006இல் வழக்குப் போட்டு, பத்தாண்டு விடாமல் நின்றதால் கிடைத்தது.

மூன்றாவது வாதத்தைக் கொடைக்கானலில் நின்றுகொண்டு சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். இங்குள்ள ப்ளசன்ட் ஸ்டே ஹோட்டலின் கூடுதல் மாடிகளுக்காக ஜெயலலிதாவின் அரசே விதிகளைத் தளர்த்தியது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றம் போனது. அந்த மாடிகளை இடிக்கச் சொன்ன உயர்நீதிமன்ற உத்தரவை 1995இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தது. 2000 பிப்ரவரியில் ஜெயலலிதாவுக்கு அந்த வழக்கில் ஓராண்டுத் தண்டனை. 2001இல், டான்சி வழக்குத் தண்டனையால் தேர்தலில் நிற்க முடியாதபோதும், கட்சி வென்றதைக் காட்டி அவர் முதல்வரானார். அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று உச்சநீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது, அரசியல் சட்டத்துக்கு மேலே எந்தப் பெரும்பான்மையும் இல்லை என்று சொல்லி. டிசம்பரில் உயர்நீதிமன்றம் அவரை ஹோட்டல் வழக்கிலிருந்து விடுவித்தது உண்மைதான். ஆனால் விடுவித்தது சாட்சியத்தை எடைபோட்ட நீதிமன்றமே தவிர வாக்குப்பெட்டி அல்ல. அன்பர் துணைக்கு அழைக்கும் விடுதலையே அவர் வாதத்தின் கழுத்தை நெரிக்கிறது.

இனி அந்த நிபுணர்கள். 1993இல் வந்த மாஸ்டர் பிளானைப் பல பத்தாண்டுகள் புதுப்பிக்காமல் கிடப்பில் போட்டு, அதை மீறி எழும்பிய கட்டடங்களுக்குச் சீல் வைக்க நீதிமன்றம் வரவேண்டியிருந்த காலம் முழுக்க இவர்கள் எங்கே இருந்தார்கள்? 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரலில் வாரநாளில் 4,000, வாரக்கடைசியில் 6,000 வண்டிகள் என்ற வரம்பு வந்தது. நல்லதோ கெட்டதோ, பூம்பாறையில் பூண்டு போடுகிறவரையோ காட்டில் தேன் எடுக்கும் பளியரையோ யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? நம் நாட்டில் பொதுவாக்கெடுப்பு வழக்கமில்லை என்று அன்பர் சட்டம் பேசுவார். ஆனால் ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் தோண்டலாமா என்பதைக் கிராம சபைகள்முன் வைக்கும்படி 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றமே சொன்னது. பன்னிரண்டு சபைகள் கூடின, பன்னிரண்டும் கூடாது என்றன. படிப்பறிவு குறைந்தவர்கள் என்று அன்பர் ஒதுக்கக்கூடிய டோங்கிரியா கோந்த் மக்கள்தான் அந்த முடிவை எடுத்தவர்கள். கேள்வியை மக்கள்முன் வைக்கக் கூடாது என்று துடிப்பவர்கள், விடை எப்படி வரும் என்பதை முன்பே அறிந்தவர்கள். எங்கள் மலையில் அந்த விடைக்கு அஞ்ச வேண்டியவர்கள் சரிவை வெட்டிக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டுமே.

என் ஓட்டு யாருக்கு என்பதை ஒளிக்க எனக்கு அவசியமில்லை. புது மாஸ்டர் பிளான் வரைவை மேல்மலை, கீழ்மலைக் கிராம சபைகளில் வாசித்து, அங்கே நிறைவேறும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் வைப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் வேட்பாளருக்கு, அவர் டெபாசிட் இழப்பார் என்று ஊரே சொன்னாலும், போடுவேன். எழுதித் தர மறுப்பவர் நாளைய முதல்வரின் வலதுகரமாகவே இருக்கட்டும், அவருக்குக் கிடையாது.