மீனின் தலை எந்தப் பக்கம்?

மாணவர்களே, இங்கிலாந்தின் ஆற்றங்கரை ஒன்றில் எடுத்த மீன்கொத்திப் படம் உங்கள் கைப்பேசிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீலமும் ஆரஞ்சும் மின்னுகின்றன. அலகில் ஒரு சிறு மீன். 'லைக்' போடுமுன் மீனின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

தான் விழுங்கப் போகும் மீன் என்றால், அதன் தலை பறவையின் தொண்டைப் பக்கம் இருக்கும். தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த மீன் வேறொருவருக்கு: இணை சேரும் காலத்தில் பெண் பறவைக்கு, பிறகு குஞ்சுக்கு. தலை முதலில் உள்ளே போனால்தான் துடுப்பும் செதிலும் தொண்டையில் சிக்காது. சரி, குஞ்சுகள் கரை மண்ணில் தோண்டிய வளைக்குள் பசியோடு இருக்க, தாயோ தந்தையோ மீனைக் கவ்விக்கொண்டு கிளையிலேயே ஏன் உட்கார்ந்திருக்கிறது? 'போஸ்' கொடுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். வளைக்குப் பக்கத்தில் கேமராவோடு நிற்பவர் எப்போது போவார் என்று அது காத்திருக்கலாம்.

பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் இதைக் கவனித்திருக்கிறது. மீன்கொத்தி, கூகை போன்று அதன் முதல் அட்டவணையில் உள்ள பறவைகளைக் கூட்டருகே வேண்டுமென்றோ பொறுப்பில்லாமலோ தொந்தரவு செய்வது குற்றம். கூட்டருகே படமெடுத்தால் அவை கலையும் என்றால் முதலில் உரிமம் வாங்க வேண்டும். படம் பிடிக்கவா உரிமம் என்று சிலர் முணுமுணுப்பார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

படம் இல்லாமல் அறிவியல் வளருமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். பிட்டர்ன் என்னும் குருகு பிரிட்டனில் கூடு கட்டுவதே நின்றுபோயிருந்தது. 1911இல் நார்ஃபக் நாணல்காட்டில் எம்மா டர்னர் அதன் குஞ்சைப் படமெடுத்தார். பறவை திரும்பிவிட்டது என்பதற்கு அதுவே சான்றானது. அந்தப் படம் ஒரு கேள்விக்கு விடை சொன்னது. நூறு பேர் ஏற்கெனவே எடுத்த அதே மீன்கொத்தியை அதே கிளையில் நூற்றோராவது ஆளாக எடுப்பது எந்தக் கேள்விக்கு விடை?

பறவையைக் கலைக்காமல் நெருங்கவும் வழி உண்டு. ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் பாடம் செய்த மாட்டுத்தோலுக்குள் புகுந்து நின்று படமெடுத்தார்கள்! (உள்ளே எவ்வளவு புழுங்கியிருக்கும்!) இன்று சஃபக் கடற்கரையின் மின்ஸ்மியர் போன்ற சரணாலயங்களில் மரத்தாலான மறைகுடில்கள் இருக்கின்றன. சிறு சன்னல் வழியே பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பள்ளியில் பறவைப் படப்போட்டி நடந்தால், நான் ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று வரி கேட்பேன். எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்? எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? நீங்கள் கிளம்பும்போது பறவை என்ன செய்துகொண்டிருந்தது? மூன்றாவது வரிக்குத்தான் அதிக மதிப்பெண்.