சட்டையிலே காமிரா, சாவி யார் கையிலே?

போலீசாரின் சட்டையிலே மாட்டக் காமிரா. அதை வாங்க சர்க்கார் மான்யம்! கேட்டவுடன் கை தட்டத் தோன்றுகிறது. தட்டுவோம், தவறில்லை. ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுவோம்: படம் பிடிப்பது சரி, பிடித்த படம் யார் பெட்டியிலே?

ஆம்பூர்த் தொழிலாளிக்குக் காமிராவைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஷூ கம்பெனி வாசலிலே அது தொங்குகிறது. டேனரி முற்றத்திலே முறைத்துப் பார்க்கிறது. ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவனை அது அழகாகப் பிடிக்கும். மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசியதைக் காட்டு என்றால் மட்டும், அன்றைக்கென்று அது பழுது! கருவியின் குற்றமா? இல்லை தோழர்களே, அதன் சாவி முதலாளியின் மேசையிலே இருக்கிறது.

2015 ஜூன் மாதத்தை இந்தப் பாலாற்றுக் கரை மறந்துவிடவில்லை. ஒரு பெண் காணாமற்போன வழக்கு. விசாரணை என்று பள்ளிகொண்டா போலீசார் அழைத்துச் சென்றது 26 வயது வாலிபனை. தோல் தொழிலிலே உழைத்து உண்டவனை. வெளியே வந்தவன் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து, ஜூன் 26ஆம் நாள் சென்னையிலே மாண்டான். அடித்துக் கொன்றார்கள் என்று கதறியது குடும்பம். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்டு செய்யப்பட்டார், வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் போயிற்று. மறுநாள் இரவு ஆம்பூரே கொதித்தது. பஸ்கள் நொறுங்கின, வண்டிகள் எரிந்தன, காவலர்கள் பலர் இரத்தம் சிந்தினர். கலவர வழக்கிலே நூற்றுக்கு மேற்பட்டோர் பத்தாண்டு கோர்ட்டுப் படி ஏறினர். 2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் நீதிமன்றம் 22 பேரைத் தண்டித்தது, பெரும்பாலோரை விடுவித்தது. பத்தாண்டுக் கூலியை வாய்தாவுக்குத் தொலைத்தவனுக்கு விடுதலை என்ற சொல் எத்தனை வேளைச் சோறு போடும்?

அந்த விசாரணை அறையிலே நடந்தது முழுதும் படமாகி, மறுநாளே ஒரு நீதிபதியின் மேசைக்கு வந்திருந்தால், தெருவிலே வதந்திக்கு வேலை இருந்திருக்காது. குற்றம் செய்த அதிகாரி அகப்பட்டிருப்பார். லத்தியைத் தொடாத காவலர் தலையிலே கல் விழுந்திருக்காது. ஆகவே, காமிரா வேண்டும் என்பவர்கள்தான் நாம்!

ஆனால் சாத்தான்குளத்தைப் பாருங்கள். 2020 ஜூன், செல்போன் கடை வைத்திருந்த மகனும், அவனைப் பெற்ற தந்தையும் அடுத்தடுத்து மாண்டார்கள்; அதற்கு முன் அவர்களைக் கொண்டுபோய் அடைத்த அந்தக் காவல் நிலையத்திலே காமிரா இருந்தது. ஓடிக்கொண்டும் இருந்தது. படத்தைச் சேமிக்க இடமும் தாராளமாக இருந்தது. இருந்தும், அன்றன்றைய படம் அன்றன்றே அழியும்படி அமைத்திருந்தார்கள் என்று விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். கண் இருந்தது; நினைவு இல்லை! நடந்ததைச் சொல்ல வாய் திறந்தது, அங்கே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர்.

அன்று கோட்டையில் இருந்தோர் வேறு கட்சியினர் என்று நாம் எளிதாகப் பேசிவிடலாம். 2025 ஜூனில் திருப்புவனத்தில் நடந்ததற்கு என்ன சொல்வது? அப்போது கழக ஆட்சி. கோயில் காவலாளியான 27 வயது இளைஞன் போலீஸ் பிடியிலே மாண்டான். உடலிலே 44 காயங்கள். நாட்டுக்கு அதைக் காட்டியது சர்க்கார் காமிரா அல்ல, மறைந்திருந்து ஒருவர் எடுத்த செல்போன் படம். லத்தி கொடியின் நிறம் பார்த்து விழுவதில்லை. நம் ஆட்சியிலே நடந்ததை நாமே கேட்காவிட்டால், ஊரிலே எந்த முகத்தோடு மேடை போடுவது?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2014இல் பெர்கூசன் நகரிலே கறுப்பின வாலிபன் ஒருவன் போலீஸ் குண்டுக்குப் பலியானதும், ஒபாமா 50,000 காமிராக்களுக்கு 7.5 கோடி டாலர் என்றார். மறு ஆண்டே 32 மாகாணங்களில் 73 போலீஸ் அமைப்புகளுக்கு மான்யம் போயிற்று. 2017இல் வாஷிங்டன் நகரிலே 2,000க்கு மேற்பட்ட போலீசாரை வைத்து ஆராய்ந்தார்கள்; காமிரா மாட்டியவருக்கும் மாட்டாதவருக்கும் பலாத்காரத்திலே குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2020இல் மினியாபொலிஸிலே ஜார்ஜ் பிளாய்டின் கழுத்திலே முழங்காலை ஊன்றியபோது, சட்டைக் காமிராக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. உலகை உலுக்கியதோ 17 வயதுப் பெண்ணின் செல்போன்! சட்டைக் காமிராவின் படம் மக்கள் கண்ணுக்கு வர வாரங்கள் பல ஆயின.

இங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை. போலீசை நவீனமாக்கும் திட்டத்துக்கு 2021-22 முதல் 2025-26 வரை டில்லி ஒதுக்கியது 26,275 கோடி ரூபாய்; அதிலே மாநிலப் போலீசுக்கென்று 4,846 கோடி. பெரும்பாலான மாநிலங்களுக்கு டில்லி 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. இரண்டும் நம் வரிப்பணம்தான். பீடிக்கட்டு வாங்குகிறவனும் கட்டுகிற வரி. காமிரா விற்கிற கம்பெனிக்கு லாபம் முதல் நாளே வந்துவிடும். நமக்கு?

எனவே மான்ய உத்தரவிலேயே நிபந்தனை வேண்டும். படம் ஸ்டேஷன் அதிகாரியின் கைக்கு எட்டாத இடத்திலே இருக்க வேண்டும். பிடிபட்டவனும் அவன் குடும்பமும் வக்கீலும் கேட்டால் பிரதி தர வேண்டும். காமிரா அணைந்திருந்தால், அணைத்தவர் பதில் சொல்ல வேண்டும். பாட்டரி தீர்ந்தது என்ற பாட்டு போதாது.

இது ஆகாத காரியமல்ல. 2020 டிசம்பர் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் லாக்கப், நடை, வாசல் எல்லாவற்றிலும் ஒலியோடு காமிரா வைக்கச் சொன்னது; 18 மாதம் படம் காக்கச் சொன்னது, அதற்குக் கருவி கிடைக்காத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. 2025 செப்டம்பரிலே, பல இடங்களில் காமிராக்கள் வேலை செய்யவில்லையே என்று அதே நீதிமன்றம் தானே வழக்கை எடுத்தது.

அந்தத் தீர்ப்பிலே தொழிலாளத் தோழர்கள் அறிய வேண்டிய ஒரு வரி உண்டு. மாவட்டந்தோறும் மேற்பார்வைக் குழு. அதிலே கலெக்டரோடும் எஸ்.பி.யோடும் நகராட்சித் தலைவர் ஒருவரோ மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவரோ உட்கார வேண்டும். படத்தைப் பார்த்து, மனித உரிமை மீறல் உண்டா என்று ஆராய்வதும் அந்தக் குழுவின் கடமை. வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனித்தனியே குழு வேண்டும். நாம் வாக்களித்து அனுப்பியவர் அங்கே இருக்கிறாரா, கடைசியாக எந்த நிலையத்தின் படத்தை என்றைக்குப் பார்த்தார் என்று கிளைக்கழகத் தோழர்கள் இந்த மாதமே எழுத்து மூலமாகக் கேட்கட்டும். பதில் வந்தால் அனுப்புங்கள். இதே பத்தியிலே அச்சிடுகிறோம்.