லப்டொப்போடு ஊருக்குப் போகலாமா?

போன வருடம் நல்லூர்த் தேர் அன்று நான் கோண்டாவிலில், அம்மா வீட்டில் இருந்தேன். கோயிலுக்குச் சில கிலோமீற்றர் தூரம்தான். ஆனால் தேர் பார்க்கவில்லை. நித்திரை. முதல்நாள் இரவு ரொறன்ரோவில் உள்ள ஒரு கடைக்காரரின் இணையத்தளத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் படுக்க விடியப்புறம் மூன்று மணி. நான் கண் முழித்தபோது தேர் இருப்புக்கு வந்துவிட்டது. அம்மா அயலட்டையோடு போய் வந்து, திருநீற்றை என் தலைமாட்டில் வைத்திருந்தா.

"பயணம் செய்துகொண்டே வேலை செய்யலாமா" என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். ஸ்காபரோவில் பதினொரு வருடமாகத் தனியாக இணையத்தள வேலை செய்கிறவள் நான். பிரீலான்ஸ் என்று எங்கள் பிள்ளைகள் சொல்வார்கள். என் பதில்: செய்யலாம், செய்யத்தான் வேண்டியிருக்கும். ஆனால் நான் செய்த மாதிரிச் செய்யாதீர்கள்.

நான் போனது சுற்றிப் பார்க்க அல்ல. அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், தனியே தூக்கி இருத்த ஏலாது. கம்பனியில் வேலை செய்கிற என் தம்பி சம்பளத்தோடு இரண்டு கிழமை லீவு எடுத்து வந்து பார்த்துவிட்டுப் போனான். எனக்கு அப்படி லீவு தர யாரும் இல்லை. வேலை செய்யாத நாளுக்குக் காசு இல்லை. கனடா ஓய்வூதியத்துக்குத் தொழிலாளி கட்டுகிற பங்கையும் முதலாளி கட்டுகிற பங்கையும் சேர்த்து நாங்களே கட்டுகிறோம். ஆறு கிழமை கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் வாடிக்கையாளர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார். லப்டொப் இல்லாவிட்டால் நான் போயிருக்கவே மாட்டேன். "ஊருக்குப் போனால் வேலையைத் தூக்கி வையுங்கோ" என்று புத்தி சொல்கிறவர்கள் பெரும்பாலும் சம்பளத்தோடு லீவு உள்ளவர்கள்தான்.

ஆனால் நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. பகலில் அப்பாவைப் பார்ப்பேன், இரவில் வேலை செய்வேன், இரண்டும் சரி வரும் என்று கணக்குப் போட்டேன். கோடையில் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை. அவர்கள் கடையைப் பூட்டுகிற ஐந்து மணி எங்களுக்குப் பின்னிரவு இரண்டரை. அப்பா விடிய ஐந்தரைக்கு எழும்பித் தேத்தண்ணி கேட்பார். ஒரு மனுசிக்கு மூன்று மணி நேர நித்திரை எத்தனை நாளைக்குத் தாங்கும்? மூன்றாம் கிழமை பகலிலும் நான் தூங்கி வழிந்தேன்.

ஒரு நாள் இரவு சூமில் ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அறைக்குள் இருந்து கூப்பிட்டார். "அப்பா, ஒரு நிமிசம்" என்றேன். திரும்பவும் கூப்பிட்டார். விரலைக் காட்டினேன். "உனக்கு வேலை கூட, நீ பார் பிள்ளை" என்றார். பிறகு சத்தம் இல்லை. அந்த ஒரு நிமிசம் இருபது நிமிசமாகிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது, தானே எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறை வாசலில் நின்றார். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. விழவில்லை. விழுந்திருந்தால் நான் எதற்காக அவ்வளவு தூரம் போனேன்?

அடுத்த நாள் அம்மா கோபப்படாமல்தான் சொன்னா: "நீ அங்கையே இருந்திருக்கலாம் பிள்ளை. வட்ஸ்அப்பிலை கதைக்கிற மாதிரித்தானே இஞ்சை வந்தும் கதைக்கிறாய்."

அதற்குப் பிறகுதான் வாடிக்கையாளர் எல்லோருக்கும் எழுதினேன். தகப்பனைப் பார்க்க வந்திருக்கிறேன், இலங்கை நேரம் மாலை ஏழு மணியில் இருந்து இரவு பதினொரு மணி வரை மட்டும்தான் இருப்பேன், ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஒருவர் விட்டுப் போனார். மற்றவர்கள் "அப்பா எப்படி இருக்கிறார்" என்று கேட்டு எழுதினார்கள். இதை நான் போக முதலே செய்திருக்க வேண்டும். ஊரில் இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒளித்தேன். அந்த ஒளிப்புத்தான் என்னைப் பின்னிரவு மூன்று மணி வரை இருத்தி வைத்தது.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு விசயம் சொல்ல வேண்டும். எனக்கு இரட்டைக் குடியுரிமை இருக்கிறது. கனடாவில் பிறந்த என் மருமகனுக்கு இல்லை. அவன் சுற்றுலா விசாவில் போகிறவன். அது வேலை செய்வதற்காகத் தருகிற விசா அல்ல. "கனடாக் காசுதானே உழைக்கிறேன், இங்கே யாருடைய வேலையையும் எடுக்கவில்லையே" என்று அவன் கேட்கிறான். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நியாயத்தை விமான நிலையத்தில் நின்று விளங்கப்படுத்த ஏலாது. எஸ்தோனியா 2020இலும், போர்த்துக்கலும் மலேசியாவும் 2022இலும் இப்படி வேலை செய்கிறவர்களுக்கென்றே தனி விசா கொண்டுவந்தன. குறிப்பிட்ட வருமானம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டின் விதியை ரிக்கற் எடுக்க முதல் வாசியுங்கள்.

நாள் கணக்கும் முக்கியம். ஒன்ராறியோவில் பன்னிரண்டு மாதத்தில் 153 நாளாவது இங்கே இருந்தால்தான் மருத்துவ அட்டை நிலைக்கும். இலங்கையில் ஒரு வரி ஆண்டில் 183 நாள் இருந்தால் அங்கேயும் வரி கட்ட வேண்டியவராகக் கணிக்கப்படலாம். கனடாவில் வதிகிறவர் எங்கே இருந்து உழைத்தாலும் அந்த வருமானத்தை இங்கே காட்டத்தான் வேண்டும். ஆறு கிழமைக்கு இது பெரிய தலையிடி இல்லை. ஆறு மாதத்துக்குப் போகிறவர்கள் கணக்காளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். நான் இரண்டு கம்பனி சிம்மும் ஒரு பெரிய பவர் பாங்கும் வைத்திருந்தேன், இரண்டும் உதவின.

கடற்கரையில் லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற படங்களைப் பார்த்து ஆசைப்படுகிற இளம் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. வெயிலில் திரை தெரியாது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். என் கவலை எங்களைப் போல அம்மா அப்பாவைப் பார்க்கப் போகிறவர்களைப் பற்றியது. கடற்கரை எங்களுக்காகக் காத்திருக்காது, கோபிக்கவும் மாட்டாது. அம்மா அப்பா காத்திருக்கிறார்கள். நாங்கள் போய் இறங்கின உடனே எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பிறகு முதுகைத்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே வேலையோடு போங்கள், வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் முதல் கிழமை வேலை எடுக்காதீர்கள். எத்தனை மணிக்கு வேலை, எத்தனை மணிக்கு இல்லை என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்வது போல வீட்டிலும் சொல்லுங்கள். சொன்னால் அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். வருமானம் பாதியாகக் குறையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதற்குக் காசு சேர்த்துக்கொண்டு போங்கள்.

அப்பா இப்போது பொல்லோடு முற்றம் வரை நடக்கிறார். இந்த வருடமும் திருவிழாவுக்குப் போகிறேன். லப்டொப்பும் வரும். தேர் அன்று நான் வேலை செய்ய மாட்டேன் என்று எல்லோருக்கும் இப்போதே எழுதி அனுப்பிவிட்டேன். இந்த முறை அம்மாவோடு நானும் போக வேண்டும்.